சங்குக்கு விட்ட இடம்

இரவு வேலை முடிந்து
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில் வரும்போது
கைப்பேசியில் எவனோ அனுப்பியிருந்தான்:
"நம்ம ஆளுக்குச் சங்கு ஊதியாச்சு."
சிரிப்பதா என்று தெரியவில்லை.
பக்கத்தில் தூங்கி விழுந்த லோகேஸ்வரி
"யாரு?" என்றாள்.
"புனிதநாதன்."
"எந்தப் புனிதநாதன்?"
"சங்குக்காரன்."
எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே ஒரு கேசட்.
எண்பத்தொன்பதில்
படகுத்துறைக்கு எதிரே
அரிசிக் கிடங்கின் மேல்மாடியில்
மெத்தைகளைச் சுவரோடு சாய்த்துப் பதிந்தது.
மூன்றாவது பாட்டு,
இரண்டாம் சரணம் முடிகிற இடம்.
கம்பியை விட்டு விரல் எழும்பிய நொடியில்
வெளியே ஃபெரி ஊதியது.
மறுபடி பதியக் காசில்லை.
மணிக்கு நாற்பது வெள்ளி,
அதுவும் ஆ ஹுவாட்டிடம் கடன்.
நாடா ஓட ஓடக் காத்திருந்தான்.
ஊதல் எந்தச் சுருதியில் அடங்கியதோ
அந்தச் சுருதியிலிருந்து
மூன்றாம் சரணத்தை எடுத்தான்.

அதற்குப் பிறகு இந்தத் தீவில்
கித்தார் தொட்ட பையன்கள் எல்லாரும்
அந்த இடத்தில் நிறுத்தினார்கள்.
கல்யாண மண்டபத்தில், தேவாலயத்தில்,
கடலே தெரியாத கூலிமில்.
ஏன் என்றால்
"பாட்டே அப்படித்தான்."
அப்புறம் தங்கள் சொந்தப் பாட்டுகளிலும்
எங்கேயாவது ஒரு மூச்சளவு
வெறுமையாய் விடத் தொடங்கினார்கள்.
வெளியூர்க்காரர்கள்
மின்சாரம் போய்விட்டதோ என்று
மேடையைப் பார்ப்பார்கள்.
நாங்கள் பார்க்க மாட்டோம்.

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை.
பகலில் அவன் கேஸ் தோம்பு சுமந்தான்.
ரைஃபிள் ரேஞ்ச் அடுக்கு வீட்டில்
மின்தூக்கி கெட்ட ஒரு நாள்
பதினோராம் மாடிக்கு ஏறி வந்தான்.
எனக்குப் பதினேழு வயது.
கேசட் அட்டையை நீட்டிக்
கையெழுத்து கேட்டேன்.
சட்டையில் கையைத் துடைத்தபடி,
"மூணாவது பாட்டுல
அந்தச் சத்தம் தொந்தரவா இல்லையாம்மா?" என்றான்.
இல்லை என்றேன்.
"எனக்கு இருக்கு.
ஒவ்வொரு தடவையும்."
பேனா எழுதவில்லை.
காலித் தோம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு
இறங்கிப் போனான்.
அட்டையில் இன்னும்
மையில்லாத கீறல் இருக்கிறது.
வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும்.

முப்பதாம் நாள் படகுத்துறையில் கூடினோம்.
நாற்பது பேர் இருப்போம்.
வழுக்கை, நீரிழிவு, மூட்டுவலி,
பாதிப் பேர் மகனின் கித்தாரை எடுத்து வந்திருந்தார்கள்.
ரோஸ்லான் மைலோ டின்னைக் கவிழ்த்துத் தாளம் போட்டான்.
ஜீவரத்தினம் வாசித்தான்.
இரண்டாம் சரணம் முடிந்தது.
விரல் எழும்பியது.
நாற்பது பேரும் கடல் பக்கம் திரும்பினோம்.

பழைய ஃபெரிகள் போய்விட்டன.
புதுப் படகு வந்தது,
ஊதாமலே கரை தட்டியது.
எவ்வளவு நேரம் நிறுத்துவது?
அதை எப்போதும் சங்குதானே சொல்லும்.
யாரோ ஐஸ் உடைத்தார்கள்.
லோகேஸ்வரி மூக்கைச் சிந்தினாள்.
ஜீவரத்தினத்தின் கை அந்தரத்தில் நின்றது,
பிறகு லேசாக நடுங்கியது.

அப்போது முதுகுக்குப் பின்னால்
காய்கறி லாரி ஒன்று
நீளமாக ஹாரன் அடித்தது.
எங்கள் கூட்டம் அதன் வழியை அடைத்திருந்தது.
கொஞ்சமும் இரக்கமில்லாத
உச்ச சுருதி.
ஜீவா ஒரு கணம் கண்ணை மூடினான்,
மேல் கட்டைக்கு விரலை ஏற்றினான்,
அங்கிருந்து எடுத்தான்.

எங்களில் யாருக்கும் எட்டவில்லை.
குரல் உடைந்து, கிழிந்து,
இருமலோடு பாடினோம்.
லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி
மலாயில் ஏதோ திட்டினான்.
பாடிக்கொண்டே
ஓரமாக நகர்ந்து வழி விட்டோம்.